சத்தமில்லாத மூன்று நிமிஷம்

அத்தியாயம் 14

போன வாரம் நிர்வாகியம்மா சொல்லிவிட்டுப் போன பேச்சு, காயாத பெயிண்டில் விழுந்த தூசி மாதிரி பெயிண்டரின் மனசில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"பதினாலு பேர் உட்கார்ந்திருக்காங்க. இலக்கணத்தைத் தலைகீழா ஒப்பிக்கிறாங்க. பேசுங்கன்னா மட்டும் வாய்க்குப் பூட்டு. வியாழக்கிழமை நானே வந்து பின்னாடி உட்காருவேன். அன்னைக்கும் இதே கதைன்னா இந்த மேல்நிலை வகுப்பை மூடிடலாம் டீச்சர்."

அந்த டீச்சர், பெயிண்டரின் மகள். வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லித் தருகிற நிறுவனம் அது. அதே கட்டடத்தின் நடைக்குத்தான் பெயிண்டர் இப்போது வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். மகள் உள்ளே, அப்பா வெளியே, நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. வேலை முடிந்தால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீடு.

வியாழக்கிழமையும் வந்துவிட்டது.

காலையில் மகள் முன்னாடியே கிளம்பிப் போய்விட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"அப்பா, பென்டிரைவை மறந்துட்டேன். ஃபிரிட்ஜ் மேல டப்பாவுல இருக்கு. ரெண்டு இருக்கும். புள்ளி வெச்சது நம்ம வீட்டுப் படம். அதை விட்டுடுங்க. புள்ளி இல்லாதத எடுத்துட்டு வாங்க."

"ஏன், அங்க நெட்டுல போட்டுக் காட்ட முடியாதா?"

"இங்க நெட் நம்ம சொந்தக்காரங்க மாதிரிப்பா. நல்ல நாள் பார்த்துதான் வராம இருக்கும்."

அவர் டப்பாவைத் திறந்தார். இரண்டும் நீலம். இரண்டிலும் வெள்ளைப் புள்ளி.

எட்டு வருஷத்துக்கு முன்னால், வீட்டுப் படம் எதுவென்று தெரிவதற்காகப் பிரஷ் நுனியால் ஒரு புள்ளி வைத்தது அவர்தான். நேற்று சாயங்காலம் கை கழுவாமல் இந்த டப்பாவைத் துழாவி மாத்திரை தேடியதும் அவர்தான். விரல் பட்டு மற்றதிலும் வெள்ளை ஏறியிருக்கிறது.

ஒன்றில் புள்ளி பளிச்சென்று இருந்தது. இன்னொன்றில் மங்கிப்போய், இருக்கிறதா இல்லையா என்று இருந்தது. பளிச்சென்று இருப்பதுதான் நாம் வைத்தது, மங்கல் விரல் பட்டது என்று முடிவு கட்டி, மங்கலானதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முப்பது வருஷத்துக்கு மேலாகப் பெயிண்ட் அடிக்கிறவர். பழைய வெள்ளைதான் மங்கும், புது வெள்ளைதான் பளிச்சிடும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

*

மத்தியானம் மூன்று மணி வகுப்பு. அவர் கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் ரோலரால் இரண்டாம் கைப் பூச்சு ஓட்டிக்கொண்டிருந்தார். மடக்கு ஏணியில் ஏறும்போது மூன்றாவது படி கிறீச்சென்றது.

"அண்ணே, அந்தப் படிக்கு ஒரு ஆணி அடிச்சாத்தான் என்ன? பூனைய மிதிச்ச மாதிரி கத்துது," என்றான் கூட வேலை பார்க்கும் டப்பா. எந்த டப்பாவைத் திறந்தாலும் பாதியைக் கொட்டிவிடுவான், அதனால் அந்தப் பெயர்.

"கத்தட்டும். உனக்கு முன்னாடி வந்த ஏணி அது."

"அப்ப பெயிண்டாவது அடிங்க. மேல் படிக்கு அடியில ஏதோ கிறுக்கியிருக்கு, கேவலமா இருக்கு."

"அதுல கை வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்."

டப்பா வாயை மூடிக்கொண்டு உப்புத்தாளை எடுத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினாலு பேரும் வந்துவிட்டார்கள். அவர்களில் நான்கு பேரை அவருக்கு மகள் சொல்லித் தெரியும். ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், ஒரு கோர்ட்டு குமாஸ்தா. நாலாவது ஒரு மருந்துக்கடைக்காரர். ஏழு மாசமாக வருகிறார், 'குட் ஆஃப்டர்நூன்' தவிர ஒரு சொல் பேசியதில்லை. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று பொத்தி வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று மகள் சிரிப்பாள்.

பின்வரிசையில் நிர்வாகியம்மா, மடியில் நோட்டுடன்.

மகள் என்னென்னவோ படம் காட்டிப் பார்த்துவிட்டாள். கடலுக்கடியில் மீன், பெரிய மனிதர்களின் பேச்சு, ஊர் சுற்றுகிற படம். படம் முடிந்ததும் "என்ன நினைக்கிறீங்க?" என்பாள். "நல்லா இருந்துது," என்பார்கள். அவ்வளவுதான். கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். சொல்ல வேண்டியதை எல்லாம் படமே சொல்லி முடித்துவிட்டால் பார்க்கிறவன் எதைச் சொல்வான்? இது பெயிண்டருக்குக் கூடத் தோன்றியிருந்தது. ஆனால் மகளிடம் சொல்லவில்லை. அது அவள் தொழில்.

விளக்கை அணைத்தாள். சுவரில் வெளிச்சம் விழுந்தது.

ரோலரோடு திரும்பிய பெயிண்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சுவர் முழுக்க அவர் மனைவி.

அதே மடக்கு ஏணியின் மேல் நிற்கிறாள். கையில் பிரஷ், தலையில் அவருடைய பழைய துண்டு. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே அவர், தலை நிறையக் கறுப்பு முடியோடு. நாலு வயசு மகள் ஒரு டப்பா மூடியைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு நடக்கிறாள். இரண்டு வயசு சின்னவன் தரையில் உட்கார்ந்து இன்னொரு மூடியைத் தட்டுகிறான். தட்டுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. அந்தப் படத்தில் சத்தம் கிடையாது.

மகள் பதறிப்போய்க் கம்ப்யூட்டருக்கு ஓடினாள். நிறுத்துவதற்குள் நர்ஸின் குரல் வந்தது.

"நிறுத்தாதீங்க டீச்சர்."

அவர்கள் பேசியது எல்லாம் இங்கிலீஷ். பெயிண்டரின் இங்கிலீஷ், நிறம் காட்டும் ஷேடு கார்டும் டப்பா மேல் எழுத்தும் படித்து வந்தது. தாய்மொழி எழுத்தே அவருக்கு முப்பது வயசுக்கு மேல்தான் வந்தது. நாளைக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிற சுவரில் மனைவி பிரஷ்ஷால் எழுதிக் காட்டுவாள், அவர் பார்த்துப் பார்த்து எழுதுவார், மறுநாள் பாடம் எல்லாம் வெள்ளைக்குள் போய்விடும். ஆனாலும் அன்றைக்கு நடந்த பேச்சில் முக்கால்வாசி அவருக்குப் புரிந்தது. சுவர், கை, முகம், ஏணி. அவருக்குத் தெரிந்த சொற்களிலேயேதான் எல்லாம் நடந்தது.

படத்தில் மனைவி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். என்னவோ கேட்கிறாள். பதிலைக் கேட்கிறவள் போலத் தலை சாய்கிறது. சிரிப்பு அணைந்துபோகிறது. கீழே நிற்கும் அவர் திரும்பாமலே, சுவரைப் பார்த்தபடி, ஒரே ஒரு வரி சொல்கிறார். மனைவி சட்டென்று இரண்டு படி இறங்கி, பிரஷ் பிடித்த கையைக் கேமராவை நோக்கி நீட்டிப் பேசுகிறாள். பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது. படம் தரைக்குத் தாழ்கிறது. விரித்த செய்தித்தாள், அதன் மேல் அந்தச் சொட்டு. அப்புறம் இருட்டு.

மூன்று நிமிஷம்.

மகள் விளக்கைப் போட்டாள். இது எங்கள் வீடு என்று சொல்லவில்லை. "என்ன நடந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

"அந்தம்மா வீட்டுக்காரர் மேல கோபமா இருக்காங்க," என்றார் குமாஸ்தா.

"கிடையாது," என்றாள் நர்ஸ். "கோபத்துல நீட்டுற கை வேற. வார்டுல தினம் பார்க்கிறேன். இது போறவங்களைப் பிடிச்சு நிறுத்துற கை."

"யாரை நிறுத்துறாங்க? எதிர்ல யாருமே இல்லையே."

"அந்த ஆளைப் பாருங்க," என்றார் பஸ் டிரைவர். ஆர்வத்தில் எழுந்தே நின்றுவிட்டார். "கடைசிவரைக்கும் திரும்பவே இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைத்தான் மனுஷன் சுவரைப் பார்த்துச் சொல்லுவான்."

ரோலரிலிருந்து பெயிண்ட் வழிந்து பெயிண்டரின் முழங்கை வரை வந்தது. அவர் துடைக்கவில்லை.

"அவர் கெட்டவர்னு சொல்றீங்களா?"

"கெட்டவர்னு எங்க சொன்னேன்? ஏணிய விட்டாரா பாருங்க. அவ்வளவு கோபத்துலயும் பொண்டாட்டி நிக்கிற ஏணிய விடல."

"இன்னொரு தடவை போடுங்க டீச்சர்."

போட்டாள். இன்னொரு தடவை. அதற்கப்புறம் ஆளுக்கு ஒரு கட்சி. ஒருவர் பேசி முடிக்கும் முன் இன்னொருவர். இலக்கணம் காலொடிந்து விழுந்தது, யாரும் குனிந்து பார்க்கவில்லை. நிர்வாகியம்மா எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் கையைத் தூக்கினார்.

ஏழு மாசத்தில் முதல் தடவை.

"ஒரு சந்தேகம்," என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "அப்பா, அம்மா, ரெண்டு குழந்தை. நாலு பேரும் படத்துக்குள்ள இருக்காங்க. கேமரா நடக்குது, குனியுது. ஸ்டாண்டுல வெச்சது இல்லை. அப்படின்னா கேமரா யார் கையில இருந்தது?"

மகளின் கையிலிருந்த மார்க்கர் கீழே விழுந்து உருண்டது.

நூறு தடவை பார்த்த படம். அம்மா போன எட்டு வருஷத்தில் ஒவ்வொரு தடவையும் அம்மாவை மட்டுமே பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அவள் கண் தானாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பியது.

அப்பா தலை குனிந்துகொண்டார்.

"டீச்சர்," என்றார் நிர்வாகியம்மா. அவரும் கையைத் தூக்கிக்கொண்டுதான் பேசினார், அது அவருக்கே தெரியவில்லை. "அந்தம்மா கடைசியா என்ன சொல்றாங்க?"

"எனக்கும் தெரியாது மேடம்."

"அடுத்த வியாழக்கிழமைக்குள்ள தெரிஞ்சுக்கிட்டு வாங்க. வகுப்பை மூடறதப் பத்தி அப்புறம் யோசிக்கலாம். இப்படி நடுவுல விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

*

எல்லோரும் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். டப்பாவைப் பெயிண்டர் டீ குடிக்க அனுப்பிவிட்டார். மகள் வந்து ஏணிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா."

"பாப்பா, தப்பான பென்டிரைவை எடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டுலயும் புள்ளி இருந்துது, நான்..."

"அத விடுங்க. கேமரா யார் கையில இருந்தது?"

அவர் ரோலரைத் தட்டில் வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"உன் சித்தப்பா கையில."

சித்தப்பா என்று ஒருவர் இருந்தது அவளுக்குத் தெரியும். வெளியூர் போய்விட்டார் என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. தோள்மேல் உட்கார்ந்து ஜன்னலைத் தொட்டது மட்டும் கனவு மாதிரி ஞாபகம்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே ஏணி," என்றார் அவர். "ஒருத்தன் மேல, ஒருத்தன் பிடிப்பான். காலையில நான் ஏறினா மத்தியானம் அவன். பன்னெண்டு வருஷம். படத்துல இருக்கிற அந்த அறையே அவனுக்காகப் பெயிண்ட் அடிச்சதுதான். எங்கயோ கேமரா வாங்கிட்டு வந்தான். முதல் படம் உங்களத்தான் எடுத்தான். எடுத்துக்கிட்டே இருக்கும்போது உங்கம்மா சிரிச்சுக்கிட்டே கேட்டா, 'அறை பிடிச்சிருக்கா'ன்னு. அவன், 'அண்ணி, நான் வீடியோ எடுக்கிற வேலைக்கு வெளியூர் போறேன். இனிமே பெயிண்ட் வேலைக்கு வரல'ன்னான். எங்கிட்ட சொல்ல பயம். கேமராவுக்குப் பின்னாடி நின்னு அவகிட்ட சொல்றான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பெயிண்டர் ஈரச் சுவரைப் பார்த்தார். பிறகு, பஸ் டிரைவர் சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ, முகத்தை மகள் பக்கம் திருப்பினார்.

"'ஏணி பிடிக்க எனக்கு ஆள் இருக்கு. நீ போகலாம்'னேன்."

நடையில் பெயிண்ட் வாசனை கனத்துக் கிடந்தது.

"அன்னைக்கே போயிட்டான். பிறகு அவன்கிட்டேருந்து இந்தப் படத்தோட ஒரு கேசட் வந்துது. உங்கம்மா பத்திரமா வெச்சிருந்தா, நான் பார்க்கவே மாட்டேன்னுட்டேன். அவ போனப்புறம்தான் அவ முகத்தப் பார்க்கணும்போல இருந்துது. கடைக்குக் கொண்டுபோய் பென்டிரைவுக்கு மாத்தித் தரச் சொன்னேன். கடைக்காரன் ஹெட்போனை மாட்டிவிட்டுப் போட்டான்."

"ஹெட்போனா? அதுல சத்தம் இருந்துதா?"

"இருந்துது."

"கேசட் கெட்டுப்போய்ச் சத்தம் போயிடுச்சுன்னு சொன்னீங்களே."

"நான்தான் எடுத்துடச் சொன்னேன். படம் மட்டும் போதும்னு."

மகள் சுவரில் கையை ஊன்றினாள். ஈர வெள்ளை உள்ளங்கையில் அப்பியது.

"அம்மா குரலையா அழிச்சீங்க?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எட்டு வருஷமா அம்மா குரல் எப்படி இருக்கும்னு தினமும் ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன்ப்பா. பாதிதான் வருது. சின்னவனுக்கு அதுவும் இல்ல."

"என் குரல அழிக்கத்தான் சொன்னேன். அவ குரலும் அதுகூடப் போகும்னு எனக்கு உறைக்கல. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தப்பதான்..." அவர் நிறுத்தினார். "கேசட்டையும் கடையிலயே தூக்கிப் போட்டாச்சு."

"அம்மா கடைசியா என்ன சொன்னாங்க? அதையாவது சொல்லுங்க."

"தெரியாது பாப்பா."

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க."

"கோபத்துல காது அடைச்சுப்போச்சு. கடையில கேட்டப்ப, என் பேச்சு வந்ததும் ஹெட்போனைப் பிடுங்கிட்டேன். அதுக்கப்புறம்தான் அவ பேசறா. அன்னைக்கும் கேட்கல, அப்பவும் கேட்கல."

இந்த உலகத்தில் அதைக் கேட்ட காது இன்னும் ஒன்று இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

கடைசியில் அவரே சொன்னார். "அந்தக் கேசட் மேல உன் சித்தப்பா கையெழுத்துல ஒரு சொல் எழுதியிருந்துது. எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். 'பிரதி'ன்னு."

"அப்படின்னா அசல் அவர்கிட்ட இருக்கு."

"இருக்கலாம்."

"நம்பர் இருக்காப்பா?"

அவர் ஏணியை மடக்கினார். தரையில் படுக்கப்போட்டு, மேல் படியின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். டப்பா கிறுக்கல் என்று சொன்னது அதைத்தான். பிரஷ் நுனியால் எழுதிய எண்கள். மனைவியின் வளைந்த கையெழுத்து.

"அவன் வீட்டை விட்டுப் போன அதே மாசம் உங்கம்மா இத எழுதி வெச்சா. 'மனசு மாறினா படிங்க, அதுக்காகவாவது எண் கத்துக்கோங்க'ன்னா. முதல்ல கத்துக்கிட்டது இந்த எண்தான். ஆனா கூப்பிடல."

மகள் மண்டியிட்டுக் குனிந்தாள். ஒரு எண் இல்லை, மூன்று. முதல் இரண்டும் கோடு போட்டு அடித்திருந்தன. வெவ்வேறு காலத்து நிறம். மூன்றாவது செல்போன் எண்.

"அப்பா, அவர் எண் மாத்தும்போதெல்லாம் அம்மா மாத்தி எழுதியிருக்காங்க. கடைசிவரைக்கும் அவர்கிட்ட பேசிட்டுத்தான் இருந்திருக்காங்க."

தம்பி போன பிறகு இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் தலைக்கு மேலே தூக்கிச் சுமந்த ஏணி. பெயிண்டர் அந்தக் கோடுகளை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவர் போலப் பார்த்தார். எண்ணைத்தான் படித்திருந்தார். மனைவி அடித்து அடித்து எழுதியது அவரிடம் என்ன சொன்னது என்பதைப் படிக்கவில்லை.

மகள் போனை எடுத்தாள். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். குனிந்து பார்க்காமலே சொன்னார். ஸ்பீக்கரைப் போட்டு அவர் கையில் வைத்தாள். கையிலிருந்த பெயிண்ட் போனில் ஒட்டியது.

மணி போனது. அவர் ஏணியை நிமிர்த்தி விரித்தார், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் போல.

"ஹலோ," என்றது ஒரு குரல். வயசாகிப்போன குரல்.

பெயிண்டர் வாயைத் திறந்தார். எல்லாச் சொல்லும் இருந்தது. தம்பி, நான்தான், எப்படி இருக்கே, தப்பு என்னுடையது. ஒன்றுகூட வெளியே வரவில்லை. அந்தப் பதினாலு பேரும் பேச்சு வராமல் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போது அவருக்கு விளங்கியது.

"ஹலோ, யாருங்க?"

மகள் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. வகுப்பில் காத்திருப்பது போலக் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

பெயிண்டர் ஏணியின் மூன்றாவது படியில் உட்கார்ந்தார். அது கிறீச்சென்றது.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்றுபோனது. பிறகு அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது:

"அண்ணா, அந்தப் படிய இன்னுமா நீ மாத்தல?"